சோகம், துக்கம், துயரம், வருத்தம்: எது எங்கே?

அகராதியில் நான்குக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். வாக்கியத்தில் இடம் மாற்றிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். ‘துக்கம் விசாரிக்கப் போனோம்’ என்பதைத் ‘துயரம் விசாரிக்கப் போனோம்’ என்று சொல்ல முடியுமா? தனித்தமிழ்ப் பற்றாளர்கூட அந்த இடத்தில் ‘இழவு’க்குத்தான் போவார்.

துக்கம் பாலி மொழியில் ‘துக்க’, வடமொழியில் ‘துஃக’. பௌத்தத்தின் நான்கு உண்மைகளில் முதலாவது இதுவே. அங்கே பிறப்பும் மூப்பும் நோயும் பிரிவும் எல்லாமே துக்கம். தமிழில் ‘சுகதுக்கம்’ என்ற இணையில் அந்த அகலம் இன்னும் இருக்கிறது. தனியாக வரும்போது மட்டும் சொல் சாவு வீட்டுப் பக்கம் சாய்கிறது: துக்க வீடு, துக்க நாள்.

சோகமும் வடமொழி வரவுதான். எரிதல், சுடர்தல் என்று பொருள்படும் ‘சுச்’ என்ற வேர். சோகம் இல்லாதது அசோகம். மரத்துக்கும் மன்னனுக்கும் பெயர் வந்த வழி அது. அவ்வளவு வெப்பமான சொல்லை ‘கிராமமே சோகத்தில் மூழ்கியது’ என்று எழுதி எழுதியே நாளிதழ்கள் ஆற வைத்துவிட்டன. இன்று அது பெரும்பாலும் வெளியே தெரிகிற வாட்டத்துக்கான சொல். சோகமான முகம், சோகப் பாட்டு என்பவை இயல்பாக வருகின்றன. ‘துயரமான முகம்’ நாக்கில் ஒட்டவில்லை.

துயரம் நாள்பட்டது, பலரையும் தொடுவது. அகதிகளின் துயரம் என்போம். பேருந்தைத் தவறவிட்டதைத் துயரம் என்றால் கேலியாகிவிடும். ‘துயர்அறு சுடரடி தொழுதுஎழு என் மனனே’ என்று நம்மாழ்வார் திருவாய்மொழியின் முதல் பாசுரத்திலேயே எடுத்தாண்ட சொல். கட்டுரையில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் என் ஓட்டு இதற்கே. சாவையும் பஞ்சத்தையும் போரையும் ஒருசேரத் தாங்கும், அழுது வடியாது.

வருத்தத்தின் கதை வேறு. ‘முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ என்ற 619ஆம் குறளில் அது உடலின் உழைப்பு. ‘வருந்தி வருந்தி அழைத்தார்’ என்பதிலும் அந்த மெனக்கெடல் மிச்சமிருக்கிறது. ‘வருந்து’ என்ற வினையிலிருந்து பிறந்ததால் ‘வருந்துகிறேன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். துக்கத்துக்கு ‘படுகிறேன்’ என்ற துணை வேண்டும். இன்னொன்று, வருத்தத்துக்கு மட்டுமே எதிராளி உண்டு. ‘உங்கள் மேல் எனக்கு வருத்தம்’ என்ற வாக்கியத்தில் மற்ற மூன்றும் உட்காராது. மன்னிப்பு முழுதாகக் கேட்க மனமில்லாத அரசியல்வாதிகள் ‘வருத்தம் தெரிவிப்பதும்’ இதன் தயவில்தான்.

இலங்கைத் தமிழர் ‘அம்மாவுக்கு வருத்தம்’ என்றால், ஏன், யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டுவிடாதீர்கள். அங்கே அதற்கு உடம்பு சரியில்லை என்று பொருள். நோயாளியை ‘வருத்தக்காரர்’ என்பார்கள்.