சுங்கை சிப்பூட் கடையில் விற்கும் 1.1 கிலோவாட் சோலார் செட்: பேட்டரி நல்லது, ஒயர் ஆகாது

மலேசிய மின்சார நிறுவனமான தெனாகாவின் மின்கம்பம் எட்டாத டுரியான் தோட்டத்து வீடுகளுக்காகப் பெரிய சாலை ஹார்ட்வேர் கடை ஒன்றில் கட்டி விற்கும் செட் இது. 550 வாட் பேனல் இரண்டு, 25.6 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, பேனல் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் எம்பிபிடி கண்ட்ரோலர், பேட்டரியின் டிசியை வீட்டு ஏசியாக்கும் 2000 வாட் இன்வெர்ட்டர்.

தெனாகா கரண்ட் உள்ள வீட்டில் பில்லைக் குறைக்கக் கூரையில் போடுவது வேறு வகை. பேட்டரி இல்லாத அந்த செட், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறும் லைன்மேனின் உயிரைக் காக்க வைத்த ஏற்பாடு அது. விற்பவர்கள் இதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

பேட்டரி கணக்குக்கு ஏற்றது. 25.6 வோல்ட்டை 100 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 2.56 யூனிட் (கிலோவாட்-மணி). அதில் 80 விழுக்காடு, அதாவது 2 யூனிட் எடுக்கலாம். ஓர் இரவுக்குச் சின்ன ஐஸ் பெட்டி அரை யூனிட், 50 வாட் காற்றாடி இரண்டு 10 மணி நேரத்துக்கு 1 யூனிட், 9 வாட் விளக்கு நான்கு 5 மணி நேரத்துக்கு 0.18. இன்வெர்ட்டர் சும்மா இருந்தே 20 வாட் தின்னும்; 12 மணி நேரத்தில் 0.24. மொத்தம் 1.92. நல்ல வெயில் நாளில் பேனல் 3.3 யூனிட் தரும், போதும். அக்டோபர், நவம்பர் மழையில் பாதிதான் வரும். ஒரு காற்றாடியையாவது நிறுத்தத்தான் வேண்டும்.

கோளாறெல்லாம் இணைப்பில். செட்டோடு வரும் படம் பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக (சீரிஸ்) கட்டச் சொல்கிறது. ஒன்றின் திறந்த சுற்று அழுத்தம், அதாவது எதையும் இணைக்காதபோது காட்டுவது, 49.8 வோல்ட், இரண்டு சேர்ந்தால் 99.6, கண்ட்ரோலர் தாங்குவது 100. அந்த 49.8, பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மழை விட்டு 22 டிகிரிக்குக் குளிர்ந்த பேனல் மேல் பளீரென்று வெயில் அடித்தால் 100ஐத் தாண்டிவிடும், கண்ட்ரோலர் போய்விடும். வோல்ட் கூடாத பக்க இணைப்பாக (பேரலல்) கட்டுங்கள். 24 வோல்ட் பேட்டரிக்கு ஒரு பேனல் வேலை செய்யும்போது தரும் 41 வோல்ட்டே தாராளம்.

பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குத் தருவது 16 சதுர மில்லிமீட்டர் ஒயர். முழுச் சுமையில் அதில் 87 ஆம்பியர் ஓடும். ஒயர் முனையில் இறுக்கும் லக் சூடேறிக் கறுக்கும். 35 சதுர மில்லிமீட்டர் ஒயர் கேளுங்கள். நடுவில் வைத்திருப்பதோ வீட்டு மெயின் பெட்டி ஏசி பிரேக்கர். ஏசி கரண்ட் நொடிக்கு 100 முறை சுழியத்தைத் தொடுவதால், பிரேக்கர் துண்டிக்கும்போது எழும் பொறி அணைகிறது. டிசியில் அப்படித் தொடுவதே இல்லை, பொறி நீண்டு பிரேக்கரே உருகும். 125 ஆம்பியர் டிசி பிரேக்கர்தான் வேண்டும்.

ஒயர், பிரேக்கர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால்தான் பணம் என்று கடையிலேயே சொல்லிவிடுங்கள்.