ஃபைவ் ஸ்டார் ஹோட்டல் செக்யூரிட்டி: வாசலில் இருந்து அறைக் கதவு வரை என் அனுபவம்

கண்காட்சி ஸ்டால் போடும் வேலை என்பதால் மும்பை, டெல்லி, கொழும்பு என்று பெரிய ஹோட்டல்களில் தங்குவது பல வருடப் பழக்கம். கம்பெனி செலவுதான், பொறாமை வேண்டாம். சாப்பாடு பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது செக்யூரிட்டி பற்றி.

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு வாசல் சோதனை நம் பெரிய ஹோட்டல்களில் வழக்கமாகிவிட்டது. டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள், காருக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்ப்பார்கள், பை எக்ஸ்ரேக்குள் போகும். நாம் மெட்டல் டிடெக்டருக்குள் நுழைந்தால் அது பீப் அடிக்கும். பாக்கெட்டில் சாவி, இடுப்பில் பெல்ட், அடிக்காமல் என்ன செய்யும்? காவலர் கைக்கருவியால் முதுகில் ஒரு தடவு தடவிவிட்டு வணக்கம் வைப்பார். பல இடங்களில் கதை இவ்வளவுதான். எக்ஸ்ரே திரைக்கு முன்னால் ஆள் இருக்கிறாரா, இருந்தால் திரையைப் பார்க்கிறாரா என்றுதான் நான் இப்போது கவனிப்பேன்.

மும்பையில் ஒரு ஹோட்டலில் நிஜமாகவே பார்த்தார்கள். ஃபிளெக்ஸ் வெட்டும் கட்டர் என் பைக்குள் இருந்தது. காவலர் குரலை உயர்த்தவில்லை, வரிசையில் நின்றவர்கள் முன்னால் பையைக் கொட்டவும் இல்லை. ஓரமாக ஒரு மேஜைக்கு அழைத்துப்போய், நீங்களே எடுத்துக் காட்டுங்கள் என்றார். கட்டரை உறையில் போட்டு, மேலே என் பெயரை எழுதி, ஒரு டோக்கன் கொடுத்தார்கள். காலி செய்யும்போது பில்லோடு சேர்ந்து உறையும் வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. இங்கே வேலை நடக்கிறது என்ற நிம்மதிதான் வந்தது.

ஆனால் வாசல் மட்டும் போதாது. 2019 ஈஸ்டர் அன்று கொழும்பு சினமன் கிராண்டில் குண்டு வெடிக்கச் செய்தவன் அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தவன். வெடித்தது காலை உணவு நேரத்தில். 2009-இல் ஜகார்த்தா மேரியட்டில் நடந்ததிலும் சதிகாரர்கள் விருந்தினராக அறை எடுத்திருந்தார்கள். பணம் கட்டி வருகிறவரை எப்படிச் சந்தேகப்படுவது? அங்கேதான் அறை சுத்தம் செய்கிறவர்களின் கண் வேலை செய்ய வேண்டும். 2017-இல் லாஸ் வேகஸில் ஹோட்டல் அறையில் இருந்தே ஒருவன் கூட்டத்தின் மீது சுட்ட துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, ‘தொந்தரவு செய்யாதீர்’ அட்டை தொங்கினாலும் ஊழியர் உள்ளே வரலாம் என்று அமெரிக்காவில் சில ஹோட்டல்கள் விதியை மாற்றின. எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை, போன் செய்துவிட்டு வந்தால் சரி. தட்டிய கையோடு கதவைத் திறந்தால்தான் எரிச்சல்.

எனக்குப் பெரிய குறை ரிசப்ஷனில்தான். ஒரு இடத்தில் அறைக் கதவைத் திறக்கும் கார்டு வேலை செய்யவில்லை என்று அறை எண்ணை மட்டும் சொன்னேன். பெயர்கூடக் கேட்காமல் புதுக் கார்டு போட்டுத் தந்தார்கள். யார் கேட்டாலும் கிடைத்திருக்கும்! வாசலில் நாய், மிஷின், ஆள்படை, உள்ளே இப்படி. நல்ல இடத்தில் பதிவு செய்த போன் எண்ணைக் கேட்பார்கள், அறை எண்ணை வாயால் சொல்லாமல் உறையில் எழுதி விரலால் காட்டுவார்கள். எங்கள் டீமில் இருக்கும் பெண்கள் ஹோட்டலை எடைபோடுவதே இதை வைத்துத்தான். லிஃப்டுக்குக் கார்டு வைப்பதெல்லாம் அப்புறம். பின்னால் ஏறுகிறவர் நம் மாடியிலேயே இறங்கினால் யார் கேட்கப்போகிறார்கள்?

பூட்டும் முழுசாக நம்பும்படி இல்லை. 2024 மார்ச்சில் சாஃப்லாக் என்ற, கார்டு காட்டித் திறக்கும் எலக்ட்ரானிக் பூட்டு வகையில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 131 நாடுகளில் 30 லட்சம் கதவுகளுக்கு மேல் அந்தப் பூட்டு இருந்தது. ஒரு ஹோட்டலின் பழைய கார்டு ஒன்று கிடைத்தால் போதும், போலிக் கார்டுகள் செய்து அங்கே எந்த அறையையும் திறக்கலாம். உள்தாழ்ப்பாளும் எலக்ட்ரானிக்காக இருந்தால் அதுவும் விலகிவிடும். கதவுச் சங்கிலியை மட்டும் கார்டால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அறைக்குள் போனதும் ஏசியைப் போடுவதற்கு முன்பே சங்கிலியை மாட்டிவிடுகிறேன். சங்கிலியோ கம்பித் தாழோ இல்லாத அறை என்றால் வேறு அறை கேட்பேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.