வே புரதப் பொடியுடன் மூன்று ஆண்டுகள்: எங்கள் அடுப்படி அனுபவம்

எழுபது வயதைக் கடந்த என் மாமனார் மெலியத் தொடங்கியபோது, உணவில் புரதம் போதவில்லை என்று உணவியல் ஆலோசகர் கூறினார். அப்படித்தான், பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கப்படும் வே (whey) புரதப் பொடி எங்கள் வீட்டுக்கு வந்தது. பாலில் கலக்கிக் கொடுத்தால் இரண்டு வாய்க்கு மேல் அவரால் குடிக்க முடியவில்லை. ஆகவே அவர் விரும்பி உண்பவற்றிலேயே அதைச் சேர்க்க முயன்றேன்.

பொடியை மாவாக எண்ணியதுதான் நான் செய்த முதல் தவறு. கேக்குக்கு எடுத்த 200 கிராம் கோதுமை மாவில் பாதியைக் குறைத்து, அதே எடைக்கு வே பொடியைச் சேர்த்தேன். ஓவனில் நன்றாக உப்பிய கேக், ஆறியதும் ரப்பரைப் போல இழுபட்டது. வறண்டு தொண்டையை அடைத்தது. மாவிலுள்ள ஸ்டார்ச் நீரை உறிஞ்சி மென்மை தருகிறது. வே புரதமோ, சூடு ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மடிப்பு அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னி, முட்டையின் வெள்ளைக்கருவைப் போல இறுகுகிறது. சூடு மிகுந்தால் உள்ளிருக்கும் நீரையும் பிழிந்து விடுகிறது. இது புரிந்தபின் என் அளவுகள் மாறின. இப்போது 150 கிராம் மாவுக்கு 50 கிராம் பொடி, நன்கு கனிந்த இரண்டு வாழைப்பழங்கள், அரைக் கோப்பை தயிர், இரண்டு முழு முட்டைகள், சற்றுத் தாராளமாக எண்ணெய். பொடியிலுள்ள லாக்டோஸ் என்னும் பால்சர்க்கரையும் புரதமும் சேர்ந்து மேற்புறத்தை விரைவில் கருக்கிவிடுவதால், 180 டிகிரிக்குப் பதிலாக 160 டிகிரியில் வைக்கிறேன். குச்சியில் ஓரிரு ஈரத்துணுக்குகள் ஒட்டும்போதே எடுத்துவிடுகிறேன்.

சூடாக்கினால் புரதம் வீணாகிவிடாதா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். மாறுவது புரதத்தின் வடிவம்தான். அதன் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. வேகவைத்த முட்டையை நாம் சத்தற்றது என்று ஒதுக்குவதில்லையே.

ஆனால் கணக்கைப் பார்த்தால் கேக்கால் பெரிய பயன் இல்லை. 80 விழுக்காடு புரதமுள்ள கான்சென்ட்ரேட் வகையில் 50 கிராம் போட்டுப் பத்துத் துண்டுகளாக்கினால், ஒரு துண்டுக்குப் பொடியிலிருந்து கிடைப்பது 4 கிராம் புரதம் மட்டுமே. கேழ்வரகுக் கூழில் 30 கிராம் பொடியைக் கலந்தால், ஒரே கிண்ணத்தில் 24 கிராம் கிடைக்கிறது. அன்றாடத் தேவைக்கு நான் நம்புவது கூழைத்தான். கொதிக்கும் கூழில் பொடியை நேரே தூவினால் திரிதிரியாகத் திரண்டுவிடும். எனவே கூழை இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, குளிர்ந்த மோரில் கட்டியின்றிக் கரைத்த பொடியை ஊற்றிக் கலக்க வேண்டும்.

கார வகைகளுக்குச் சுவையூட்டாத பொடியே ஏற்றது. வெனிலாப் பொடியைச் சேர்த்த அடையில், எவ்வளவு மிளகாய் அரைத்தும், பொடியில் சேர்த்திருந்த சுக்ரலோஸ் என்னும் செயற்கை இனிப்பின் தித்திப்பு அடங்கவில்லை. சுவையூட்டாததை அடைமாவில் வார்ப்பதற்குச் சற்று முன் இரண்டு மேசைக்கரண்டி கலந்து, மிதமான தீயில் சுட்டால் நன்றாக வருகிறது; இரும்புக்கல்லில் ஒட்டும் என்பதால் எண்ணெய் கூடுதலாக வேண்டும். சப்பாத்தியைக் கைவிட்டுவிட்டேன்: பிசையும்போது மாவு பிசுபிசுக்கிறது, ஆறினால் விறைத்துவிடுகிறது.

வீட்டில் பனீர் செய்தபின் மிஞ்சும் நீரே போதாதா என்று நானும் எண்ணியதுண்டு. பாலாடைக்கட்டி செய்பவர்கள் வெதுவெதுப்பான பாலில் ரென்னெட் என்னும் உறைய வைக்கும் நொதியைச் சேர்ப்பதால் வே புரதம் நீரிலேயே தங்குகிறது; பொடி அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நாமோ பாலைக் காய்ச்சித் திரிப்பதால் அந்தப் புரதத்தின் பெரும்பகுதி பனீரோடு சேர்ந்துவிடுகிறது. எஞ்சிய நீர் மாவு பிசையவும் குழம்புக்கும் நல்லது, பொடிக்கு மாற்றாகாது.

முதலில் வாங்கிய கான்சென்ட்ரேட் மாமனாருக்கு வயிற்று உப்புசம் தந்தது. லாக்டோஸ் மிகக் குறைவான ஐசொலேட் என்ற வகைக்கு மாறியதும் அது நின்றது, விலை கூடுதல்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. நாங்களும் இரத்தப் பரிசோதனைக்குப் பிறகே தொடங்கினோம். இப்போது அவர் வாரத்தில் ஐந்து நாள் காலையில் கூழும், ஞாயிறு மாலையில் கேக்கும் சாப்பிடுகிறார். பிசியோதெரபிப் பயிற்சியும் கூடவே நடப்பதால், முன்னேற்றம் முழுவதையும் பொடியின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் கைப்பிடிச் சுவரைப் பற்றாமல் மாடிப்படி ஏறுகிறார்.