பழைய கார்: கடையிலா, ஓனரிடமா?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பழைய கார் தேடினால் வழி இரண்டுதான்.

கடையில் பத்து வண்டி வரிசையாக நிற்கும், லோனும் அங்கேயே முடியும். வில்லங்கமும் அங்கேதான். நான் போன கடையில் சொன்ன விலை ஒன்று. பேசி முடித்தபின் ஆர்.டி.ஓ. செலவு, ஃபைல் சார்ஜ் என்று தனித்தனியாக ஏறியது. "இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்க, சாயங்காலம் வேற பார்ட்டி வருது" என்ற அவசரம் வேறு. (அடுத்த வாரமும் அந்த வண்டி அங்கேதான் நின்றது.) மீட்டர் 40,000 கி.மீ. காட்டும், பிரேக் பெடல் ரப்பரோ மொழுமொழுவென்று தேய்ந்திருக்கும். மீட்டரைக் குறைத்திருக்கலாம், சர்வீஸ் கணக்கைக் கேளுங்கள். களியக்காவிளை தாண்டி வந்த கே.எல். (கேரளப் பதிவு) வண்டியென்றால் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) தமிழ்நாட்டு வரியும் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள்.

ஓனரிடம் கமிஷன் இல்லை, வண்டியின் கதையும் நேராகக் கிடைக்கும். ஆனால் லோன் பாக்கி இருக்கிறதா என்று ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) நாம்தான் பார்க்க வேண்டும். குளச்சல், முட்டம் பக்கத்து வண்டியானால் அடியில் உப்புக்காற்றுத் துரு.

கடைக்கு ஒரு பலம் உண்டு: பில் இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் செய்யலாம், உதவி எண் 1915. தன் சொந்த வண்டியை விற்கும் ஓனர்மேல் அது செல்லாது. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலருக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்றும் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

எனக்கென்னவோ, தெரிந்த மெக்கானிக்கோடு ஓனர் வீட்டுக்குப் போவதுதான் பிடித்தது.