பெயின்ட் அடிப்பதற்கு முன்பே காரைப் போய்ப் பாருங்கள்: திருகோணமலையில் நான் ஏமாந்த கதை

கடந்த மாரியில் ஓர் இரவு, நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, சாம்பல்தீவுப் பக்கத்தில் மழைக்குள் குறுக்கிட்ட கட்டாக்காலி மாடொன்றை விலத்தப் போய், எனது கார் மதகுக் கட்டில் மோதியது. எயார்பேக் இரண்டும் விரிந்ததால் எனக்கும் மனைவிக்கும் சிராய்ப்புகளோடு போயிற்று. விபத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. அதன் பிறகு கராஜ் ஒன்றில் நடந்ததையே இங்கு எழுதுகிறேன். விடயம் இப்போது மத்தியஸ்த சபையின் முன் இருப்பதால் அந்த இடத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முன் பம்பர், அதன் உள்ளே குறுக்காக இருக்கும் இரும்புச் சட்டம், பொனட், இடது மட்கார்ட், ரேடியேட்டர், எயார்பேக் இரண்டு, சீட் பெல்ட் இரண்டு என்று கராஜ் தந்த மதிப்பீடு 11 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவைத் தொட்டது. காப்புறுதி நிறுவனம் தேய்மானத்தைக் கழித்து 9 இலட்சத்து 30 ஆயிரத்தை ஏற்றுக்கொள்ள, மீதியை நான் கட்டினேன். காரை விற்றுவிட்டு வேறொன்று வாங்கும்படி சிலர் சொன்னார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டதென்னவோ உண்மைதான்; ஆனால் வரியோடு வந்து நிற்கும் விலை என்னைப் போன்ற அரச ஊழியனுக்கு எட்டக்கூடியதல்ல.

"சாமானெல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தையிலயிருந்து வருது சேர். நீங்க அலைய வேணாம், முடிஞ்சதும் கோல் எடுக்கிறன்" என்றார் உரிமையாளர். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஐந்து வாரங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

கார் திரும்பி வந்த நாளில் அதன் பளபளப்பைப் பார்த்து மகிழ்ந்து, கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்திட்டேன். கழற்றிய பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டதற்கு, பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. ஸ்டியரிங்கின் நடு மூடி மட்டும் ஏன் வேறொரு கறுப்பாக இருக்கிறது என்று மனைவி அன்றே கேட்டார். புதிய பாகம் அப்படித்தான் இருக்கும் என்று பெரிய விடயம் தெரிந்தவனைப் போல நான் விளக்கம் சொன்னேன்.

நான்காவது மாதத்தில் முன் இடது டயரின் உள்விளிம்பு நூல் தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. வெளிவிளிம்போ புதிதுபோல இருந்தது. வீல் எலைன்மன்ட் செய்யும் இடத்தில் இருந்த இளைஞர் அரை மணித்தியாலம் முயன்றுவிட்டு, "அண்ணன், இது எலைன்மன்ட் பிரச்சினையில்ல, உள்ளுக்க பொடியே வளைஞ்சிருக்கு" என்றார். முன்சக்கரத்தின் ஷொக் அப்சோர்பர் மேலே பொருந்தும் இடம் காரின் உடற்தகட்டிலேயே இருப்பதால், அந்தத் தகடு சில மில்லிமீற்றர் நகர்ந்தாலும் சக்கரம் சாய்ந்துவிடும். அந்தச் சாய்வைக் கீழே உள்ள ஆணிகளைத் திருகி முழுமையாகச் சரிசெய்ய முடியாது. அவர் பொனட்டைத் திறந்து, இரு பக்கத்திலும் ஒத்த புள்ளிகளை எடுத்து, மூலைக்கு மூலை டேப்பால் அளந்து காட்டினார். ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டிய இரு அளவுகளுக்கிடையே 14 மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தது.

பம்பரைக் கழற்றியபோது, புதிதென்று பணம் வாங்கப்பட்ட இரும்புச் சட்டம் அடித்து நிமிர்த்தி ஒட்டுப்போட்ட பழையதாகவே இருந்தது. ஒட்டின் மேல் ஒரு பூச்சும் இல்லாததால், எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு நான்கே மாதத்தில் துரு செதில் செதிலாக உரிந்தது. சட்டத்துக்கும் பம்பருக்கும் நடுவே அதிர்வைத் தாங்க இருக்க வேண்டிய நுரைக்கட்டி இல்லவே இல்லை. மட்கார்டில் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தோம். பாதி இடங்களில் ஒட்டாமல் விழுந்தது. தகட்டின் பள்ளங்களை நிரப்பும் பட்டிப் பசையை அவ்வளவு தடிப்பாகப் பூசியிருந்தார்கள்.

இவையெல்லாம் பண மோசடி என்று ஆறியிருப்பேன். ஆனால் மனைவி சொன்ன அந்த மூடியைக் கழற்றியபோது உள்ளே எயார்பேக் இருக்கவில்லை. அதன் வயர் முனைகளில் சிறிய மின்தடை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. சாவியைத் திருப்பியதும் எயார்பேக் விளக்கு எரிந்து, சோதனை முடிந்து சில விநாடிகளில் தானாக அணைய வேண்டும். எயார்பேக் இல்லையென்றால் அணையாது. இந்த மின்தடை, எயார்பேக் இருப்பதாகக் காரின் கணினியையே நம்பவைத்து விளக்கை ஒழுங்காக அணைத்துவிடுகிறது. இந்தக் காரில்தான் நான்கு மாதங்கள் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி முன்சீட்டில் வந்திருக்கிறார். குழந்தையை அப்படி ஏற்றியது எங்கள் தவறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே, மோதிய காரைக் கொடுப்பவர்கள் பட்டியும் பெயின்டும் ஏறுவதற்கு முன் ஒரு நாளாவது போய், மாற்றிய பாகங்களையும் ஒட்டுக்களையும் கண்ணால் பார்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாகங்களைக் காட்டும் வரை கையெழுத்திட வேண்டாம். சில காப்புறுதி நிறுவனங்கள் அவற்றைத் தாமே கேட்டு வாங்கும். கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். எயார்பேக் மாற்றியதாகப் பட்டியலில் இருந்தால், மூடியைத் திறந்து காட்டச் சொல்வதில் வெட்கப்பட எதுவுமில்லை.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவையைப் பெற்று மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு உண்மை தெரிந்தது நான்காவது மாதத்தில். காப்புறுதி நிறுவனத்துக்குப் படங்களுடன் கடிதம் அனுப்பியிருக்கிறேன். மத்தியஸ்த சபையின் முதல் தவணைக்கு உரிமையாளர் வரவில்லை. இரண்டாவது தவணைக்கு வந்து, பெயின்டில் ஏதும் குறையிருந்தால் இலவசமாக மீண்டும் அடித்துத் தருவதாகச் சொன்னார்.