மருத்துவ பீட நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்கு 1,450 பவுண்ஸ் கட்டி ஏமாந்தோம். லண்டன் பெற்றோரே, கவனம்

இன்று காலை அந்தப் பயிற்சி நிறுவனத்தின் கடைசிப் பதில் வந்தது. 'உங்கள் முறைப்பாடு முடிக்கப்பட்டுவிட்டது.' அவ்வளவுதான். 1,450 பவுண்ஸ் போனது போனதுதானாம். ஜனவரியில் பிள்ளைகளை நேர்முகத் தேர்வுக்கு அனுப்ப இருப்பவர்கள் யாருக்கும் காசு கட்டும் முன் இதை வாசியுங்கள்.

மகளுக்கு ஏ லெவல் கடைசி ஆண்டு. மருத்துவ பீட நுழைவுச் சோதனையான யூகாட் எழுதி, ஒக்டோபர் 15க்கு முன் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் வழியாக நான்கு மருத்துவ பீடங்களுக்கு விண்ணப்பித்தாள். நவம்பர் கடைசியில் ஒன்றிலிருந்து எம்.எம்.ஐ. என்ற நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு. ஒரு மேசை முன்னால் இருந்து பேசிவிட்டு வருகிற தேர்வு இல்லை அது. வரிசையாகப் பல 'ஸ்டேஷன்', ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள்தான், மணி அடித்தால் எழும்பி அடுத்ததுக்குப் போக வேண்டும். ஒன்றில் நோயாளியின் இரகசியத்தைப் பற்றிக் கேட்பார்கள், இன்னொன்றில் நடிகர் ஒருவர் அழுதுகொண்டிருக்க அவருடன் பேச வேண்டும். எங்கள் குடும்பத்தில் மருத்துவம் படித்தவர்கள் யாரும் இல்லை. பயந்துவிட்டோம்.

அப்போதுதான் பேஸ்புக்கில் இந்த ஒன்லைன் பயிற்சி நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. எடுத்துக் கதைத்தேன். ஆங்கிலத்தில் தொடங்கியவர் என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். "அட, நாங்களும் பக்கத்து ஊர்தான் அக்கா. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, பிள்ளையை எங்களிட்ட விடுங்கோ" என்றார். அந்த 'அக்கா'வை நம்பினேன். வேலை செய்கிற மருத்துவர்களுடன் ஆறு தனி வகுப்புகள், இரண்டு முழு மாதிரித் தேர்வுகள், ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் அறிக்கை. கார்டில் கட்டினால் 1,600, வங்கிக் கணக்குக்கு நேரே போட்டால் 1,450. சீட்டுக் காசு கையில் இருந்தது. நவம்பர் 28 இரவே போட்டுவிட்டேன்.

வகுப்பு எடுக்க வந்தவர் மருத்துவர் இல்லை. முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர், கமராவைக்கூடப் போடவில்லை. 'ஏன் மருத்துவம்?' என்ற கேள்விக்கு ஒரு பதிலை எழுதித் தந்து பாடமாக்கச் சொன்னார். அம்மம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததாம், அதைப் பார்த்துத்தான் மருத்துவராக ஆசை வந்ததாம். என் அம்மா யாழ்ப்பாணத்தில் சுகமாக இருக்கிறா! தந்த குறிப்புகளில் பாதி பீமாட் என்ற இன்னொரு நுழைவுச் சோதனை பற்றியது. அந்தச் சோதனையே 2023உடன் நின்றுவிட்டது. மருத்துவர்களைக் கண்காணிக்கும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் நடத்தை வழிகாட்டியான 'குட் மெடிக்கல் பிராக்டிஸ்' என்று தந்ததும் பழைய பதிப்பு. 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதியதை மகள்தான் தேடி எடுத்தாள்.

மாதிரித் தேர்வு என்றது ஸூமில் இருபத்துமூன்று பிள்ளைகளுடன் நடந்தது. மகள் வாய் திறந்தது நான்கு நிமிடம். மறுநாள் வந்த அறிக்கையின் தலைப்பில் வேறொரு பையனின் பெயர். உள்ளே 'அவன் கண்ணைப் பார்த்துப் பேசுகிறான்' என்று பாராட்டு வேறு. அதை வாசித்துவிட்டு மகள் ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எனக்கு வயிறு எரிந்தது.

டிசம்பர் 9 அன்று காசைத் திருப்பிக் கேட்டேன். வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. 'அக்கா' என்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. வேறு நம்பரில் அழைத்தபோது எடுத்து, "அது அக்கவுண்ட்ஸ் ஆக்கள் பாக்கிற விசயம், மெடம்" என்றார். பத்து நாளில் அக்கா மெடமாகிவிட்டேன். பிறகு ஐந்து வேலை நாட்கள் என்றார்கள். அதன் பிறகு, அவர்களின் தளத்துக்குள் நுழைந்த நேரமே, பதினான்கு நாளுக்குள் விலகிக் காசைத் திருப்பிக் கேட்கும் உரிமை போய்விட்டது என்றார்கள். இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பில் கேட்டேன். வகுப்பு தொடங்கினாலும் பதினான்கு நாளுக்குள் நிறுத்தலாம், நடந்த அளவுக்கு மட்டும் கழிக்கலாம் என்றார்கள். அதையும் எழுதி அனுப்பினேன். அதற்குத்தான் இன்று அந்த ஒரு வரி.

இதற்குள் மகள் நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்துவிட்டாள். "அம்மா, பாடமாக்கினது தொண்டைக்குள்ளேயே நிண்டிட்டுது" என்றாள். அன்றிரவே அவளுக்கு அவர்களிடமிருந்து மெசேஜ்: என்ன கேள்வி கேட்டார்கள் என்று எழுதி அனுப்பினால் 50 பவுண்ஸ் வவுச்சர். கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்று பல்கலைக்கழகம் எச்சரித்திருக்கிறது. பிள்ளையின் இடத்தையே பறிக்கக்கூடிய வேலை அது. அவள் என்னிடம்கூட ஒரு கேள்வியும் சொல்லவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள். வங்கிக் கணக்குக்கு நேரே காசு போடாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டினால், 100 பவுண்ஸுக்கு மேற்பட்ட சேவைக்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமே காசைத் திருப்பிக் கேட்கலாம். 150 பவுண்ஸ் மிச்சம் பிடிக்கப் போய் அந்த வழியை நானே அடைத்தேன். வகுப்பு எடுப்பவர் யார் என்று எழுத்தில் வாங்குங்கள். மருத்துவ பீடங்களின் கூட்டமைப்பான மெடிக்கல் ஸ்கூல்ஸ் கவுன்சிலின் தளத்தில் நேர்முகத் தேர்வு பற்றி இலவசமாகவே இருக்கிறது, முதலில் அதை வாசியுங்கள். பதிலைப் பாடமாக்க விடாதீர்கள்.

நீதிமன்றத்தில் போடும் சிறு உரிமைக் கோரிக்கைக்கு (ஸ்மோல் கிளெய்ம்ஸ்) இன்றிரவு படிவம் நிரப்பப் போகிறேன். இந்த 1,450ஐ விடமாட்டேன். அந்த அறிக்கையில் பெயர் இருந்த பையனின் பெற்றோர் இதை வாசித்தால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். உங்கள் மகனின் அறிக்கை என்னிடம் இருக்கிறது.