கண்டாங்கிக் கடையும் அல்காரிதமும்: எட்டு வருஷ அனுபவம்

ஆன்லைனில் புதிதாகச் சேலை விற்கத் தொடங்குபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்குப் போட்டா ரீச் வரும்க்கா?" என்பதைத்தான். ரீச் என்றால் நாம் போடுவது எத்தனை பேர் கண்ணில் படுகிறது என்பது; யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்கிற செயலியின் கணக்குத்தான் அல்காரிதம். நானும் அதையே எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தவள்தான். கடை காரைக்குடியில், மாமனார் காலத்தது. கண்டாங்கிச் சேலைதான் முக்கியச் சரக்கு, கூடக் கொஞ்சம் மற்ற காட்டன். 2017 கடைசியில் ஃபேஸ்புக் பக்கம் ஆரம்பித்தேன்.

அப்போது வேலை சுலபம். கட்டிலில் சேலையை விரித்து, தினம் பத்துப் படம் போடுவேன். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: சொந்தபந்தமும் நண்பர்களும் போடுவது முன்னால் வரும், வியாபாரப் பக்கங்கள் பின்னால் போகும். அந்தச் செய்தி என் கண்ணிலேயே படவில்லை. சில மாதம் கழித்து பழைய வாடிக்கையாளர் அம்மா ஒருவர் போனில், "என்னம்மா, இப்பல்லாம் சேலையே போடறதில்லையா?" என்று கேட்டார். அன்று காலையில்கூடப் பத்துப் படம் போட்டிருந்தேன்.

பதறிப்போய், 'மூணு தோழிகளை டேக் பண்ணுங்க, ஒரு சேலை இலவசம்' என்று போட்டி வைத்தேன். லைக், ஷேர், டேக் எல்லாம் கேட்டு வாங்கும் பதிவுகளைக் கீழே இறக்கப்போவதாக 2017 டிசம்பரிலேயே ஃபேஸ்புக்காரர்கள் சொல்லியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. போட்டிக்கு வந்தவர்களில் ஒருவர்கூட அப்புறம் காசு கொடுத்து வாங்கவில்லை. ஒரு சேலை நஷ்டம், ஒரு பாடம், மலிவுதான்.

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த பத்து நாளுக்குள் இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸ் என்ற குட்டி வீடியோக்களைக் கொண்டுவந்துவிட்டது. ஊரடங்கில் கடை மூடிக்கிடந்ததால் நாங்களும் இன்ஸ்டாவுக்குப் போனோம், ஆனால் அதே கட்டில், அதே படம். 2021 ஜூன் கடைசியில் இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி, இது இனி வெறும் போட்டோ பகிரும் செயலி இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அப்போதும் நான் ஒரு வருஷம் தாமதம்.

தாமதத்தைச் சரிக்கட்ட ஓர் ஏஜென்சியைப் பிடித்தோம். தினம் ஒரு ரீல், ட்ரெண்டிங் பாட்டு, முப்பது ஹேஷ்டேக். பாட்டுக்கு நான் வாயசைக்க வேண்டும்! பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏறியது உண்மை. ஆனால் பாட்டைப் பார்க்க வந்தவர்கள் பாட்டோடு போய்விட்டார்கள். பார்சல் கட்டுகிற பையனுக்கு வேலை கூடவில்லை. நாலு மாதத்தில் நிறுத்திக்கொண்டோம்.

அப்புறம் நடந்ததுதான் திருப்பம். எந்தப் படம் போட்டாலும் கீழே ஒரு கேள்வி தவறாமல் வரும்: "சாயம் போகுமா சிஸ்?" நான் ஒவ்வொருவருக்கும் 'போகாது' என்று டைப் செய்வதைப் பார்த்த அத்தை கோபித்துக்கொண்டார். "ஏன் பொய் சொல்றே? அரக்குக் கலருன்னா மொத ரெண்டு தண்ணிக்கு விடத்தான் செய்யும். தனியா அலசுன்னு சொல்லு." அதைக் கொல்லைப்புறத்திலேயே எடுத்தேன். வாளி, கல்லுப்பு, அத்தையின் கை, சிவந்த தண்ணீர், நிழலில் காயும் சேலை, கடைசியில் கஞ்சி. பாட்டு இல்லை, அத்தை திட்டுவதுகூட நடுவில் கேட்கும். எங்கள் வீடியோக்களிலேயே ஆயுசு கெட்டியானது அதுதான். யூட்யூப் ஷார்ட்ஸிலும் ஏற்றினோம். இன்றைக்கும் அதைப் பார்த்துவிட்டு, "பாட்டி இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு ஆர்டர் வருகிறது.

இதற்கிடையில் 2023 ஆரம்பத்தில் மொசேரியே, போன வருஷம் வீடியோவை அளவுக்கு மீறித் தள்ளிவிட்டோம், போட்டோவுக்கும் இடம் கொடுக்கிறோம் என்றார். 'போட்டோ செத்துடுச்சு மேடம்' என்று ஏஜென்சி சொன்னது நினைவுக்கு வந்தது. படத்துக்குத் திரும்பினோம், ஆனால் அடுக்கு மாறியது: முதலில், கட்டிக்கொண்ட நிலையில் சேலை, அடுத்து முந்தி, அடுத்து வெயிலில் பார்டர், கடைசியில் விலை. விலையை மறைத்து 'டிஎம் பண்ணுங்க', அதாவது தனியாக மெசேஜ் அனுப்புங்க, என்று போட்டால் கமெண்ட் கூடும் என்பார்கள். கூடும்தான். எரிச்சலும் கூடும். அதை விட்டாயிற்று.

2024 ஏப்ரல் கடைசியில், ஒரே படமோ வீடியோவோ இரண்டு பக்கத்தில் இருந்தால் நகலை விட்டு மூலத்தைப் பரிந்துரைப்போம் என்று இன்ஸ்டாகிராம் அறிவித்தது. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மொத்த வியாபாரி வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை அப்படியே போடும் பழக்கம் எங்களுக்கும் இருந்தது. ரீசெல்லர் அத்தனை பேர் பக்கத்திலும் அதே படம்தான். அன்றோடு எல்லாப் படமும் எங்கள் வாசலில் நாங்களே எடுப்பது.

2025 ஜனவரியில் மொசேரி சொன்னது, எல்லா அறிவிப்பிலும் எனக்கு உடனே புரிந்த ஒன்று. எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை லைக், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள், இந்த மூன்றும் முக்கியம். நம்மைப் பின்தொடராதவர்களிடம் போய்ச் சேர அனுப்புவதுதான் அதிகம் உதவும். சேலை வியாபாரம் என்றைக்கும் அப்படித்தானே? அக்காவுக்குக் காட்டாமல் தங்கை எடுப்பாளா? அதன்பின் லைக்கை விட்டுவிட்டு அனுப்புவதற்கான அந்தக் காகித விமானப் பொத்தானின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறேன். 'ஒரே டிசைன், ஆறு கலர்' என்று போட்டால் குடும்ப விசேஷக்காரர்கள் அனுப்பித் தள்ளுகிறார்கள். நான் அழகு என்று நினைத்து எடுத்த கோயில் பின்னணிப் படங்களை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை.

ஷார்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2025 மார்ச் 31 முதல் வீடியோ ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ. அதற்கு முந்தைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம்.

வாட்ஸ்அப் சேனலும் திறந்தோம். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட்தான் சோறு போடுகிறது, ஆனால் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதுவும் அவர்கள் நம் நம்பரைச் சேவ் பண்ணியிருந்தால்தான் போகும். அதனால் ஒவ்வொரு பார்சலிலும் நம்பர் அச்சடித்த துண்டுச்சீட்டு.

2021 அக்டோபர் 4 ராத்திரி ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் எல்லாம் ஒன்றாக நின்றுபோனது பலருக்கு ஞாபகம் இருக்கும். தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம். மெசேஜில் வந்த ஆர்டர் எதையும் நான் எழுதி வைத்திருக்கவில்லை. மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்: பெயர், நம்பர், ஊர், கடைசியாக எடுத்த கலர். இப்போது ஆறாவது நோட்டு ஓடுகிறது. அடுத்த வீடியோவுக்கு அத்தையே யோசனை சொல்லியிருக்கிறார், பழைய கண்டாங்கியை எப்படி மடித்து வைப்பது என்று. ஒரே நிபந்தனை, இந்தத் தடவை திட்டுவதை வெட்டிவிட வேண்டுமாம்.